கேரன் பாட்டுல சலங்கை இல்ல

போதுமாவா? அலாமாக், அக்கா, இவ்ளோ பெரிய ஈப்போவுல கேக்குறதுக்கு ஒங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா? இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. அந்தப் பக்கம் ஏர்கான் ஊதுது, நீங்க பேசுறது ஒண்ணும் வெளங்கல. ஆங், இப்பச் சொல்லுங்க. கோப்பெங் கோயில் பஜனைக் குழு, பொம்பளைங்கல்லாம் சேந்து பாடி ரெக்கார்டு பண்ணப் போறீங்க. சரி. ஒருத்தரு லேப்டாப்புல ஓசி சாப்ட்வேர் போட்டு வச்சிருக்காரு, இதுவே போதும், ஸ்டூடியோ கீடியோலாம் வேணாம்னு சொல்றாரு. சரி. அவருக்கு என்ன வேல? கார் கண்ணாடிக்குக் கருப்பு ஒட்டுற கடையா? ரொம்ப நல்லாருக்கு லா. அப்ப நாளைக்கு நா போயி அவரு கடையில நின்னு நாலு காருக்குக் கருப்பு ஒட்டுறேன், விடுவாரா?

கோவம்லாம் இல்லக்கா. நா பேசுறதே இப்படித்தான், வீட்டுக்காரியக் கேட்டுப் பாருங்க. என் பேரு ஆம்புரோஸ். புந்தோங்ல டயர் கடைக்கு மாடியில ஒரு ஸ்டூடியோ இருக்குல்ல, அது நம்மளுதுதான். கீழ சைனாக்காரன் டயர கழட்டுவான், மேல நா பாட்டு புடிப்பேன். அவன் சுத்தியல் சத்தம் ஒண்ணாச்சும் எந்தப் பாட்டுலயாச்சும் கேட்டிருக்கா? கேட்டிருக்காது. செவுரு அப்படிக் கட்டி வச்சிருக்கேன். உருமி மேளம், சாமி பாட்டு, சர்ச்சுப் பாட்டு, பேராக்குல எவன் பாடினாலும் கடைசியில என் ரூம்புல வந்துதான் நிக்கணும். ஆம்புரோஸ் காதுக்குத் தப்பாதுன்னு சொல்லுவாங்க. நானா சொல்லல, அவங்க சொல்றாங்க.

இப்பப் பாருங்க, யாரப் பாத்தாலும் மியூசிக் புரொடியூசர். போன வாங்குனா உள்ளயே சாப்ட்வேர் சும்மா வருது. தொறந்தா மேளம் இருக்கு, வயலின் இருக்கு, எல்லாம் ரெடி. பாக்கெட் மீ நூடுல்ஸ் மாதிரிதான்க்கா, சுடுதண்ணி ஊத்துனா பாட்டு. பத்துப் பேரு பாட்ட வரிசையாப் போட்டுக் கேளுங்க, பத்துலயும் அதே மேளம் அதே எடத்துல அடிக்கும். கேட்டா ஸ்டைலாம். லகாட்ல ராட்னின்னு ஒருத்தன், என் வீட்டுக்காரி பெட்ரீசியா பக்கத்துச் சொந்தம், காதல் பாட்டு ஒண்ண பாத்ரூம்புல போயி பாடிட்டு வந்தான். ஏன்டான்னா, எக்கோ நல்லா வருது மாமான்றான். பாட்டுல அவன் உசுரே நீதான்னு உருகுறான், பின்னால டேங்கி டொட்டு டொட்டுன்னு ஒழுகுது. அதையும் கல்யாணத்துல போட்டானுங்க. பொண்ணு மாப்ள நடந்து வர்றப்ப. சேசுவே, எனக்குத்தான் மானம் போச்சு.

நா என்ன சொல்றேன்னா, சாப்ட்வேர ஓசியில குடுப்பான். காத ஓசியில குடுப்பானா? மைக்க எங்க வைக்கணும், பாடுறவங்க வாய்க்கு எவ்ளோ தூரத்துல, எந்தச் சத்தத்த ஏத்தணும், எத எறக்கணும், இதெல்லாம் ஓசி சாப்ட்வேர் சொல்லிக் குடுக்குமா? ஒங்க கோயில்ல ஜால்ரா போடுவீங்கல்ல? அந்த ஜால்ராவ பாடுறவங்க பக்கத்துல வச்சு ரெக்கார்டு பண்ணிப் பாருங்க. ஜால்ராதான் பாடும், நீங்க வாயத் தொறந்து தொறந்து மூடுறதுதான் மிச்சம். அதெல்லாம் கேட்டுக் கேட்டு வர்றது.

எனக்கா? தொண்டைக்கா. லேசா கரகரப்பு. இங்கதான காது மூக்கு தொண்டை எல்லாத்துக்கும் ஒரே வாசலு. எங்க பெட்ரீசியாதான் நம்பர் எடுத்துக் கையில குடுத்து, போயிட்டு வாங்கன்னு தள்ளி விட்டா. ஒங்களுக்கு மூக்கா? பாவம். ஒண்ணு சொல்லணும்க்கா, எடம் நல்லா வச்சிருக்காங்க. நம்பர் மாறுறது சத்தமே இல்ல. முன்னல்லாம் பேங்குக்குப் போனா டிங்கு டிங்குன்னு உசுர வாங்குவான். இப்ப எல்லா எடத்துலயும் அத நிப்பாட்டிட்டாங்க போல. போர்டப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு, அது ஒண்ணுதான் சூசா, கஷ்டம்.

என்னது? இல்லக்கா, யாராச்சும் நல்லா பண்ணிருக்காங்களான்னா கேக்குறீங்க? ஓசி சாப்ட்வேர்லயா? இருங்க, அந்தக் கதையச் சொல்றேன், சொன்னா நீங்களே சிரிப்பீங்க.

எங்க எஸ்டேட் சாப்பல் ஒண்ணு இருக்கு, சின்ன சர்ச்சு. எஸ்டேட்டு வித்து, ரப்பர் பால்மரம்லாம் சாய்ச்சு, எண்ணெய்க்குச் செம்பனை போட்டாச்சு. லயத்து வீடும் இல்ல, ஆளும் இல்ல. சாப்பல் மட்டும் செம்பனைக்கு நடுவுல தனியா நிக்குது. ஆனா அந்தோணியார் திருவிழான்னா எங்கெங்கயோ இருக்குறவன்லாம் காரப் போட்டுக்கிட்டு வந்துருவான், சிங்கப்பூர்லருந்துகூட. இந்த வருசம் திருவிழாவுக்குச் சாப்பல் பாட்டெல்லாம் சேத்து ஒரு ஆல்பமா போடலாம்னு கமிட்டி முடிவு பண்ணுச்சு. எந்தப் பாட்டு உள்ள வரும், எது வராதுன்னு பாக்குற பொறுப்பு என்னுது. வேற யாருகிட்ட குடுப்பாங்க?

கேரன்னு என் தம்பி மக. தம்பி இல்ல, தவறிட்டான். இவ தைப்பிங்ல கவர்மெண்டு ஆபீஸ்ல வேல, அங்கயே வாடக வீடு. அந்தோணியார் மேல அவளே ஒரு கும்மிப் பாட்டு எழுதிருக்கா. எழுதுனவ என்ன பண்ணணும்? பெரியப்பா ஸ்டூடியோவுக்கு வரணுமா இல்லையா? பஸ்ஸு ஏறுனா ஈப்போ. வரல. லேப்டாப்புல அந்த ஓசி சாப்ட்வேரப் போட்டு, தைப்பிங் வீட்டு ஹால்லயே உக்காந்து முடிச்சிட்டா. ஏன் பிள்ளனு கேட்டா, பெரியப்பா, ஒங்க முன்னால பாடுனா எனக்குப் பயம் வந்துருது, தனியா இருந்தாத்தான் தொண்டை தொறக்குதுன்றா. எப்படி இருக்கு கத? தைப்பிங்ல ஹால்ல உக்காந்து ரெக்கார்டிங். அந்த ஊர்ல மழை நிக்கிற நேரம் பாத்துத்தான் பாடணும்னா வருசத்துக்கு ஒரு பாட்டுதான் பாட முடியும்.

சர்ச்சு ஹால்ல எல்லாரும் உக்காந்திருக்கோம். கமிட்டித் தலைவரு, உபதேசியாரு, கொயர் புள்ளைங்க, எங்க பெட்ரீசியா, எல்லாரும். பாட்டப் போட்டாங்க. குரல்ல ஒரு கொற சொல்ல முடியாதுக்கா, எங்க தம்பி குரலு அப்படியே எறங்கி வந்திருக்கு. ஆனா பின்னால மழை, ஊஊன்னு. அது போவட்டும். கும்மிப் பாட்டு, சலங்கையே இல்ல. முடிஞ்ச ஒடனே எந்திரிச்சேன். என்ன பிள்ள இது, சலங்கை இல்லாம கும்மியா, எழவு வீட்டுல பாடுறதான்னு கேட்டேன். சொல்லிட்டு நானே சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. கொஞ்சமாத்தான் சிரிச்சாங்க.

இருக்கு பெரியப்பான்றா. நானே கால்ல கட்டிக்கிட்டு ஆடுனேன், பாட்டு பூரா இருக்குன்றா. நா வுடுவனா? நீ கட்டிக்கிட்டு ஆடிருப்ப, ஓசி சாப்ட்வேர் அத முழுங்கிருச்சு, இதுக்குத்தான் ஆம்புரோஸ் காது வேணும்ன்றதுன்னேன். அந்தப் பிள்ள திரும்பி ஒவ்வொருத்தர் மொகமாப் பாத்துச்சு. தலைவரப் பாத்துச்சு, உபதேசியாரப் பாத்துச்சு, அவ பெரியம்மாவப் பாத்துச்சு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. நா என்ன நெனச்சேன்? பாத்தியா, எல்லாரும் என் பக்கம்னு நெனச்சேன். பாட்ட எடுத்து வெளிய வச்சேன். கேரன் பாட்டு இருந்த பென்டிரைவப் புடுங்கிக்கிட்டு மழையில போயி கார்ல ஏறிட்டா. அன்னிக்கிலருந்து எனக்குப் போன் இல்ல. பெரியம்மாவுக்கும் இல்ல. திருவிழாவுக்கும் வரமாட்டேன்னு சொல்லிட்டாளாம். அவ அப்பனப் பொதைச்ச எடம் அந்தச் சாப்பலுக்குப் பின்னாலதான், அங்கயே வரமாட்டாளாம்.

சிரிக்கலையா? ம். சிரிக்கிற மாதிரிதான் சொல்லணும்னு ஆரம்பிச்சேன்.

நம்பர் என்ன ஓடுது? இன்னும் இருக்குல்ல, சரி.

அவளுக்கு ஒரு பாடம் புகட்டணும்னு நெனச்சேன்க்கா. சலங்கைன்னா எப்படிக் கேக்கணும், ஸ்டூடியோன்னா என்னன்னு காட்டி, போன்ல அனுப்பி வைக்கலாம்னு. முந்தி நானே ரெக்கார்டு பண்ண கும்மிப் பாட்டு ஒண்ணு இருக்கு. நல்ல மைக்கு, நல்ல ரூம்பு, வெல கூடுன சாமான் எல்லாம். அந்தச் சலங்கைக்காகவே தரையில தனியா மைக்க வச்சேன். நடுவுல பாட்டு நின்னு, மேளம் நின்னு, வெறும் சலங்கை மட்டும் வரும். அதக் கேட்டவன்லாம் கைய எடுத்துக் கும்புட்டான். நேத்து அதப் போட்டேன்.

அதுலயும் சலங்கை இல்லக்கா.

மொதல்ல ஒயர்தான் போச்சுன்னு நெனச்சேன். மாத்துனேன். ஸ்பீக்கர மாத்துனேன். ஹெட்போன் ஒண்ண தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ண மாட்டுனேன். சலங்கை வர்ற எடம் வந்தா கரண்டு போன மாதிரி கம்முனு கெடக்கு. கெட்ட வார்த்தைல ஏசுறேன், ஸ்பீக்கரப் போட்டுத் தட்டுறேன். திரும்பிப் பாத்தா கதவுகிட்ட பெட்ரீசியா கோப்பையில கொப்பியோட நிக்கிறா. அந்தக் கம்முனு கெடக்குற எடத்துல அவ தலை ஆடுது. விரலால கோப்பையில தாளம் போடுறா. எனக்குப் பாட்டே இல்ல, அவ தாளம் தப்பாம போட்டுக்கிட்டு நிக்கிறா.

கேக்குதான்னு கேட்டேன். கேக்குதுன்னா. அன்னிக்கு ஹால்ல கேரன் பாட்டுலயும் கேட்டுச்சான்னு கேட்டேன். கேட்டுச்சுன்னா. எல்லாருக்குமான்னேன். எல்லாருக்கும்தான்னா. அப்பறம் ஏன்டி ஒருத்தரும் சொல்லலன்னு கத்துனேன். நீங்க இல்லன்னு சொன்னதுக்கப்பறம் நாங்க எப்படிங்க இருக்குன்னு சொல்றதுன்னா. அழுதுட்டா. காலையில நம்பர் எடுத்துட்டா.

ஆமாக்கா. தொண்டைக்கு இல்ல. தொண்டைக்கு என்ன, இவ்ளோ நேரம் பேசிக்கிட்டிருக்கேன், நல்லாத்தான இருக்கு.

உருமிக்காரங்களோட அத்தன வருசம் உள்ள உக்காந்தது, ராத்திரி பகல் ஹெட்போனு, எதுன்னு சொல்றது. டாக்டர் சொல்லட்டும். எனக்குப் பயமா இருக்குக்கா. வெளியில சொல்ல வெக்கமா இருக்கு. இந்தக் காத வச்சுத்தான நா ஆம்புரோஸ்?

அக்கா, ஒரு ஒதவி. இந்தாங்க போன். இது கேரன் பாட்டுதான், கமிட்டிக்கு அனுப்புனது கெடக்கு. காதுல வச்சுக் கேளுங்க. நீங்க கோப்பெங்கு, என்னத் தெரியாது, அவளயும் தெரியாது. எனக்கு மரியாத குடுத்து ஒண்ணும் சொல்ல வேணாம். சலங்கை இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. பெட்ரீசியா என் மனசு நோவக் கூடாதுன்னு எத வேணா சொல்லுவா, நீங்க சொன்னா நா நம்புறேன்.

கேளுங்க, கேளுங்க. மெதுவாக் கேளுங்க.

இருக்கா? எந்த எடத்துல? மொதல்லருந்தேவா. மழைய மீறிக் கேக்குதா. பாட்டு பூராவுமா?

ம்.

நல்லாருக்கா? காலு மாத்தி வைக்கிறது தெரியுதா. அவ அப்பன் நல்லா ஆடுவான்க்கா, கும்மின்னா பொம்பளைங்களோட சேந்து அவன்தான் மொத ஆளு. ஒங்களுக்குக் கண்ணு கலங்குதே. வேணாம் லா, பக்கத்துல இருக்குறவங்க பாக்குறாங்க.

ஒங்க கேள்விக்குப் பதில் சொல்லிடுறேன். போதும்க்கா. அந்தக் கார் கடைக்காரரு சொன்னது சரி, அந்த ஓசி சாப்ட்வேரே போதும். ஜால்ராவ மட்டும் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க. ஆல்பம் இன்னும் போகல, ஞாயித்துக்கெழமதான் அனுப்புறது. உள்ளருந்து வந்ததும் மொத வேலையா தைப்பிங்குக்குப் போன் போடணும். எடுப்பாளான்னு தெரியல. எடுக்கலன்னா பஸ்ஸு ஏறிடுவேன். வாசல்ல போயி நின்னா தொறக்காமயா போயிடுவா?

என்னக்கா? என் நம்பரா? அட, ஆமா. எப்ப மாறுச்சு? போர்டப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். என்ன சொல்றீங்க, டிங்குன்னு அடிச்சுச்சா? இப்பவா?

ஒவ்வொரு நம்பருக்கும் அடிச்சுச்சா, நா வந்து உக்காந்ததுலருந்தே?

சரிக்கா. போன குடுங்க. நா வாரேன்.