பரண் உயரத்தில் ஓர் ஏணை

"ஏணையிலையிருந்து விழுந்துதான் மச்சானுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சது," என்றார் ஒட்டுசுட்டான் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர்.

"அவரென்ன கைக்குழந்தையோ?" பக்கத்திலிருந்த நண்பர் சிரித்தார்.

"காட்டிலை மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கிற நைலோன் ஏணையடாப்பா. காவிக்கொண்டு நடக்க லேசாய் இருக்கவேணும் எண்டு நான்தான் தேடி வாங்கினனான். யானைக்குப் பயந்து பரண் உயரத்திலை கட்டினனான். கயிறு அறுந்திட்டுது."

இடுப்புயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்று அதன் உறையிலேயே அச்சடித்திருக்கும். உறையைப் படித்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

"மச்சான் உன்னை ஏசினவரோ?"

"ஏசியிருந்தால் பரவாயில்லை. அடுத்தமுறை தடிச்ச கயிறாப் பாத்து வாங்குவம் எண்டுறார். இனிக் காடு வழிய நடக்க ஏலாது எண்டு டொக்டர் என்னட்டைத்தான் சொன்னவர். மச்சானுக்கு நான் இன்னும் சொல்லேல்லை."