கழுவாத பல்

பாஸ்டி சுடுவதில் மெர்ல் ட்ரெகென்சாவை மிஞ்ச எங்கள் ஊரில் ஆளில்லை, இன்ஸ்பெக்டர். மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்து, ஓரத்தில் அவரவர் பெயரின் முதல் எழுத்தை மாவிலேயே ஒட்டிச் சுடுவாள். தாமிரச் சுரங்கம் ஓடிய காலத்துப் பழக்கம். ஞாயிறுதோறும் மூன்று. அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பதினோரு வருஷமாகக் காணாமல்போன அவள் மகன் ஜோரிக்கு ஒன்று. ஜோரியுடையது ஆறியதும் தாளில் சுற்றி என் கையில் தருவாள். திங்கட்கிழமை அடிலெய்டில், ஆய்வகத்தில், எனக்கு அதுதான் மதியச் சாப்பாடு.

என் வேலை பல்லை வைத்து வயது சொல்வது. உடம்பில் உள்ள அமினோ அமிலங்கள் எல்லாம் இடக்கையைப் போல ஒரே பக்கமாக அமைந்தவை. பல்லுக்குள் இருப்பவை வருஷம் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக வலக்கைப் பக்கம் மாறும். எவ்வளவு மாறியிருக்கிறதோ அதுதான் வயது. தாமிரம் ஊறிய பல் என்றால் இந்த மாற்றம் அவசரப்படும். சோதனைக்காக அமிலத்தில் போட்டுச் சூடாக்கும்போது வயது கிடுகிடுவென்று ஏறிவிடும். அதனால் முதலில் தாமிரத்தை இழுத்துக்கொள்ளும் திரவத்தில் இரண்டு நாள் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் சூடு.

போன கோடையில் மழை பொய்த்தது. பழைய சுரங்கக் குழியில் தண்ணீர் வற்றி, சேற்றோடு ஒரு கடைவாய்ப் பல் கிடைத்தது. நீங்கள்தான் அனுப்பினீர்கள். மரபணு எதுவும் மிஞ்சவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பல் தாமிரம் ஊறி, பாசி பிடித்ததுபோலப் பச்சையாக இருந்தது. நான் அதைக் கழுவவில்லை.

எங்கள் தலைமை ஆய்வாளர் ஹலினா கதவருகில் நின்று கேட்டாள்.

"என்ன நெவில், பச்சைப் பசேல்னு இருக்கு? கழுவித்தானே போட்டே?"

"முப்பது வருஷமா இதத்தானே செய்யறேன்" என்றேன்.

அது பொய்யில்லை. எந்திரம் ஐம்பத்தாறு என்று காட்டியது. ஐம்பத்தாறு என்றே எழுதினேன். ஓர் எண்ணைக்கூட நான் திருத்தவில்லை, பதிவேட்டைப் பாருங்கள். காணாமல்போனபோது ஜோரிக்கு இருபது. யாரோ நாடோடிக் கிழவன் என்று நீங்கள் கோப்பை மூடினீர்கள்.

அந்த ஞாயிறு மெர்ல் வாசலுக்கே ஓடிவந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெவில், அது என் புள்ள இல்லையாம். அப்ப எங்கயோ உசுரோட இருக்கான்ல?"

"இருக்கான் மெர்ல்."

பதினோரு வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். வேறு யாரால் அவளுக்கு அதைக் கொடுத்திருக்க முடியும்?

பல் யாருடையது என்று முன்பே எப்படித் தெரியும் என்கிறீர்கள். நியாயமான கேள்வி.

ஜோரியும் நானும் முயல் சுடப் போயிருந்தோம். என்னிடம் தனியாகப் பேசத்தான் கூட்டிப்போனான் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

"எங்கம்மா சமையல்ல உனக்கு அப்படி என்ன ருசி? அப்பா நாற்காலியில வேற உக்காந்துக்கற. வர்ற ஞாயித்துக்கெழம இந்தப் பக்கம் தலைய காட்டாத."

சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். அந்தச் சுரங்கக் குழியை மூடியிருந்த பலகை உளுத்துப் போயிருந்தது, உடைந்து உள்ளே விழுந்தான். நான் தள்ளவில்லை. இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள். கீழே தண்ணீர் இருந்தது, அவனுக்கு நீந்தவும் தெரியும். "நெவில், கயிறு!" என்று கத்தினான்.

கயிறு என் வண்டியில் இருந்தது. போனேன். வண்டியில் உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்த தேநீரைக் குடித்தேன். இரண்டாவது கோப்பை முடிவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

மீதிப் பல்லை ஹலினா எடுத்துக் கழுவி மறுபடி பார்த்தாளாம். இருபது வந்ததாம். ஹலினா வேலையில் கெட்டிக்காரி.

மெர்லிடம் இன்னும் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லத்தான் வேண்டும், நான் தடுக்கவில்லை. நாளைக்கு ஞாயிறு. நீங்கள் போகும்போது மாவு பிசைந்துகொண்டிருப்பாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, எனக்குரியதைக் கொடுத்தனுப்புவாளா என்று மட்டும் கேட்டு வாருங்கள்.