காப்பு கட்டிய ஊரில் ஒரு மாத்திரை

அம்மன் சன்னதியின் முன்னே அழகுறப் பந்தலமைத்து, அதன் நடுவே வீற்றிருக்கும் விழாத் தலைவர் மலைச்சாமி அவர்களே, வயலிலே வியர்வை சிந்தி வையத்துக்குச் சோறிடும் பெரியோர்களே, மடியிலே மகவும் மனத்திலே வேண்டுதலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, பந்தலுக்கு வெளியே பட்டாணி கொறித்தபடி என் பேச்சுக்கு மார்க்குப் போடும் வாலிபர்களே, அனைவருக்கும் முத்துக்கருப்பனின் வணக்கம்.

தலைவர் எனக்குத் தந்த தலைப்பு ‘அன்னையின் அருள்’. போன ஆண்டென்றால் அடுக்கடுக்காய்ச் சொல்லெடுத்து ஆர்ப்பரித்திருப்பேன். இந்த ஆண்டு எனக்குப் பயமாக இருக்கிறது. மேடைப் பயம் அல்ல. சற்று முன்னே மஞ்சள் துணி சுற்றி, வேப்பிலை செருகி, காப்பு கட்டினார்களே, அதைக் கண்டதிலிருந்து பயம். முன்வரிசைப் பெரியவர் முகம் சுளிக்கிறார். ஐயா, நானும் அம்மனைக் கும்பிடுகிறவன்தான். முழுதும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

இதோ, பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருப்பவள் என் தங்கை மூக்கம்மாள். அவள் மடியில் சாய்ந்திருப்பவள் அவள் மகள் சந்தனம்மாள். ஏழு வயது. நாலு வயதிலே அந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்தது. விளையாடிக்கொண்டே இருப்பாள்; விழி மேலே செருகும், விரல்கள் முறுக்கும், வாயோரம் நுரை வழியும். சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். நிற்கவில்லை. பேய் என்று சொல்லி நெற்றியிலே சூடு போட்டார்கள். வலிப்பு போகவில்லை, தழும்புதான் அவளோடு வளர்கிறது. வெளியே சொன்னால் நாளைக்கு எவன் இவளைக் கட்டுவான் என்று என் தங்கையின் வாயையும் அடைத்தார்கள்.

கடைசியில் பெரியகுளத்தில் சுகிர்தம் என்ற டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “ஒங்க பக்கம் மலையக் குடைஞ்சு பெரியாத்துத் தண்ணி வருதுல்ல? மதகு வழியா அளவா வந்தாத்தான் வயல் வெளையும். எல்லா மதகும் ஒரே நேரத்துல தெறிச்சா என்ன ஆகும்? புள்ள மூளையில ஓடுற மின்சாரமும் அப்பிடித்தான். சீமையில அதக் காகிதத்துல கோடாப் போடுற மெஷினே வந்துருச்சு. வலிப்பு வாரப்ப அந்தக் கோடு தாறுமாறா எகிறுதாம். இது பேயில்ல. இந்த மாத்திரைதான் மதகுப் பலகை. வலிப்பு நின்னுருச்சுன்னு நீங்களா நிறுத்திராதீக. பலகையச் சட்டுன்னு உருவுனா முன்னையவிட மோசமா வரும்.”

முதலில் அந்த மாத்திரை பிள்ளையைப் போட்டு அமுக்கியது. சோற்றுத் தட்டின் முன்னே தூங்கி விழுந்தாள். டாக்டரம்மா அளவைக் குறைத்தார், வலிப்பு எட்டிப் பார்த்தது, கொஞ்சம் கூட்டினார். ஒரு பிள்ளைக்குக் கேட்கிற அளவு இன்னொரு பிள்ளைக்குக் கேட்காதாம். சில பிள்ளைகளுக்கு எந்த மருந்துமே கேட்பதில்லையாம். எங்கள் பிள்ளைக்குக் கேட்டது, ஐயா. வலிப்பு நின்றது. ஓடினாள், ஆடினாள், பள்ளிக்கூடம் போனாள். கும்மிப்பாட்டை ஒருமுறை கேட்டால் போதும், கடைசி அடி வரைக்கும் பாடிவிடுவாள்.

பிள்ளை தேறிய மகிழ்ச்சியில், அவள் தகப்பன் அழகுமலை, அவளை முளைப்பாரி எடுக்க வைப்பதாக நேர்ந்துகொண்டார். போன ஆண்டு இதே திருவிழாவுக்குக் காப்பு கட்டினார்கள். காப்பு கட்டினால் நம் வழக்கம் என்ன? வீட்டிலே தாளிக்க மாட்டோம். வெளியூர் போய் இராத்தங்க மாட்டோம். அம்மை கண்ட வீட்டில் மருந்து கொடுக்க மாட்டோமல்லவா, அதையும் இதனோடு சேர்த்துக்கொண்டார்கள். “ஆத்தா ஊருக்குள்ள வந்துட்டாக. இனி சீமை மருந்து எதுக்கு? குடுத்தா அவுகள நம்பலைன்னு ஆயிரும்” என்றார் என் மைத்துனர். மாத்திரை மாடக்குழிக்குப் போனது. பகையால் நிறுத்தினாரா? பக்தியால் நிறுத்தினார். பாசத்தால் நிறுத்தினார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது.

முளைப்பாரி ஊர்வலம் உங்களுக்கு நினைவிருக்கும். வெயில் தாழ்ந்த நேரம், பிள்ளை சாய்ந்தாள். ஒரு வலிப்பு. அது அடங்குமுன் அடுத்தது. அது அடங்குமுன் இன்னொன்று. நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆத்தா இறங்கிவிட்டாள் என்று குலவையிட்டீர்கள். துடிக்கிற குழந்தையின் காலைத் தொட்டுக் குறி கேட்டீர்கள். குலவை போடாதவள் ஒருத்திதான். “அண்ணே, இது ஆத்தா இல்லண்ணே. இது எம்புள்ளைக்கு வாரது” என்றாள் என் தங்கை.

தூக்கிக்கொண்டு ஓடினோம். எல்லைக் கல்லருகே ஊர் மறித்தது. போனால் ராத்திரிக்குள் திரும்ப முடியாது, காப்பு கட்டியிருக்கிறது என்றார்கள். மூக்கம்மாள் தாண்டினாள். பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடுகிற கரிவாயு பஸ் மேட்டுக்கு மேடு மூச்சு வாங்கி நின்றது. பெரியகுளம் போய்ச் சேரும்வரை அந்தச் சின்ன உடம்பு என் மடியிலே துடித்துக்கொண்டே வந்தது. அன்றைக்கு வந்த பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

டாக்டரம்மா உயிரை மீட்டுக் கொடுத்தார். பாட்டு மீளவில்லை. இப்போது கும்மியின் முதல் அடியிலேயே நின்றுவிடுகிறாள். “மாமா, அதுக்கப்பறம் என்ன?” என்று என் முகத்தைப் பார்க்கிறாள்.

இன்றைக்கு மறுபடி காப்பு. விளக்கேற்றும் நேரம் அவளுக்கு மாத்திரை நேரம். விளக்கேற்றியாகிவிட்டது. மாத்திரை என் தங்கையின் முந்தானை முடிச்சிலே இருக்கிறது. அவள் கை முடிச்சின்மேல் இருக்கிறது, அவிழ்க்கவில்லை. ஏன்? எல்லை தாண்டியதால்தான் பிள்ளைக்கு இந்தக் கதி என்று ஆண்டு முழுக்கச் சொன்னீர்களே, உங்களுக்குப் பயப்படுகிறாள். இந்தப் பந்தலில் வேறு எந்தத் தாயின் முந்தானையில் என்ன முடிந்திருக்கிறதோ, அதுவும் எனக்குத் தெரியாது.

யாரங்கே, ‘ஆத்தா பாத்துக்கிருவாக’ என்பது? பார்த்துக்கொள்வாள், தம்பி. அவள் மழை தருவாள் என்று நீ மதகைத் திறக்காமல் இருந்தாயா? அவள் விளைவிப்பாள் என்று விதைக்காமல் இருந்தாயா? வயலுக்கு ஒரு நியாயம், வயிற்றில் பிறந்ததற்கு ஒரு நியாயமா?

பூசாரி ஒச்சாண்டி அவர்களே, காப்பு கட்டியது உங்கள் கை. சபை நடுவே கேட்கிறேன். பிள்ளைக்கு மருந்து கூடாதென்று அம்மன் சொன்னாளா? நீங்கள் சொன்னீர்களா?

எழுந்துவிட்டார். அமைதி, அமைதி. என்ன சொல்கிறார்? “தாளிக்கக் கூடாதுன்னு சொன்னேன். வெளியூர்ல தங்கக் கூடாதுன்னு சொன்னேன். மருந்தப் பத்தி எங்கிட்ட யாரும் கேக்கலையேப்பா” என்கிறார். கேட்டீர்களா? ஓராண்டுத் துயரம், ஒரு வார்த்தை கேட்காததால் வந்தது.

தீர்த்தச் செம்போடு பூசாரி இறங்குகிறார். வழி விடுங்கள். மூக்கம்மா, முடிச்சை அவிழ் தாயி. அவிழ்க்கிறாள். மாத்திரையை எடுத்துப் பிள்ளையின் வாயருகே நீட்டுகிறாள். சந்தனம் வாயைத் திறக்கிறாள். பூசாரி தீர்த்தம் வார்க்கிறார். விழுங்கிவிட்டாள்.

குலவை போடுகிறீர்களா? போடுங்கள். போன ஆண்டு அதைக் கேட்டு நடுங்கினேன், இன்றைக்கு ஆசை தீரக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்றைய பயம் இறங்கியது. நாளைய பயம் இருக்கிறது. நாளைக்கும் விளக்கேற்றுவோம். அப்போது நான் மேடையில் இருக்கமாட்டேன், பூசாரியும் செம்போடு பக்கத்தில் இருக்கமாட்டார். அந்த வீட்டைக் கடந்து போகிற உங்களில் ஒருவர், “புள்ளைக்குக் குடுத்துட்டியா ஆத்தா?” என்று வாசலில் நின்று ஒரு குரல் கொடுங்கள். எனக்கு மாலை வேண்டாம், சால்வை வேண்டாம், அந்த ஒரு குரல் போதும். பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், சுளித்த முகத்தை இப்போது துடைத்துக்கொள்ளும் முன்வரிசைப் பெரியவருக்கும், தாய்மார்கள் எல்லோருக்கும் என் நன்றி. வணக்கம்.