தங்க அட்டையோடை ஒராள் போகலாம்

கூட ஒராளைக் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு எனக்கு முதன்முதல் சொன்னது ஜெசிதா. போன வருசம் யாகப்பர் திருநாளுக்கு அவள் லீவிலை வந்து நிக்கேக்கை. உங்கடை கைப்பையிலை தொங்குதே பிள்ளை, அந்த மஞ்சள் அட்டை, அதைக் கண்டோடனைதான் எனக்கு ஞாபகம் வந்தது. தங்க அட்டை எண்டுதானே சொல்லுறது? ஓம், நினைச்சன். என்ரை மூத்தவன் லியோனிட்டையும் உது இருக்குது.

இருங்கோ, கதிரையை ஃபானுக்குக் கீழை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கோ. மிளகாய்த்தூள் மில்லாலை இப்பதான் வந்தது. சூட்டோடை பையிலை கட்டினா உள்ளுக்கை வேர்த்துப்போடும். பேந்து நீங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போய்ப் பிரிக்கேக்கை பூஞ்சணம் பிடிச்சிருக்கும், குருநகர் அருமைநாயகி தந்த தூள் பழுதாப்போச்சுது எண்டு எனக்குத்தான் பேர். வெள்ளைச் சீலையிலை பரப்பி விட்டிருக்கிறன். தொட்டுப் பாருங்கோ, இன்னும் சுடுகுதே? அந்தக் கையைக் கண்ணிலை வைச்சிடாதேங்கோ.

அரியாலையிலையிருந்து ஓட்டோவிலையே வந்தனீங்கள்? மாமியார் சுகமா இருக்கிறாவே? அவ தானே வந்து வாங்கிறவ. வந்தால் கெதியிலை எழும்பமாட்டா. நல்ல மனுசி.

எயார்போட்டிலை தங்க அட்டைக்காரரை இருத்துற உந்த அறையெல்லாம் உங்களுக்குப் பழகின விசயம். எனக்கு அப்பிடியொரு அறை இருக்குதெண்டு தெரிய வந்ததே ஒரு சிரிப்புக் கதை. அண்டைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரேல்லை.

இவர், என்ரை மனுசன், கண்ணை மூடி, ஆண்டுப் பூசைக்கு லியோன் நோர்வேயிலையிருந்து வந்தவன். வந்து நிண்டிட்டுத் திரும்பிப் போகேக்கை நாங்கள் வான் பிடிச்சுக்கொண்டு கட்டுநாயக்கா எயார்போட் மட்டும் போனனாங்கள். எங்கடை ஆக்களைத் தெரியும்தானே. ஒராள் வெளிநாடு போறதெண்டா ஒரு வான் நிறையச் சனம் போய்த்தான் விடவேணும். கூட்டிக்கொண்டு போகாத ஆள் பேந்து முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரியும். இவற்றை தமையன், தங்கச்சி குடும்பம், அடுத்த வீட்டு லெனாட், எல்லாரும் ஏறிட்டினம். நான் புட்டும் இறால் பொரியலும் வாழையிலையிலை கட்டி, பிளேன் ஏற முன்னம் சாப்பிடு எண்டு அவன்ரை கையிலை குடுத்தனான். கொஞ்சி, அழுது, அவன் உள்ளுக்கை போனாப்பிறகு நாங்கள் வெளிக்கிட்டிட்டம்.

சிலாபத்தைக் கிட்டேக்கை அவன்ரை போன் வருகுது. அம்மா, என்னை வேறை ஒரு அறையிலை இருத்தியிருக்கினம், பாஸ்போட்டைப் பாத்திட்டு இஞ்சாலை வாங்கோ எண்டு கூட்டிக்கொண்டு வந்தவை, மற்றச் சனம் ஒண்டும் இஞ்சை இல்லை, எண்டான். அவ்வளவுதான். போன் கட்டாயிட்டுது. திருப்பி எடுக்க, வேலை செய்யேல்லை.

தனி அறை எண்டா எங்களுக்கு என்ன ஞாபகம் வரும், சொல்லுங்கோ. சண்டைக் காலத்திலை நீங்கள் சின்னப் பிள்ளையா இருந்திருப்பியள். ஒரு பெடியனை வரிசையாலை விலத்தித் தனி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனால், பேந்து அவன்ரை தாய் அவனைத் தேடிப் படலை படலையாத் திரிஞ்சதைத்தானே நாங்கள் கண்டனாங்கள். வானைத் திருப்பு தம்பி எண்டன். வான்காரப் பெடியன் கேதீஸ்வரன், புத்தூர்ப் பக்கம், எங்கடை சமயமில்லை, சைவக்காரர். அவன் ஒரு கேள்வி கேக்கேல்லை, திருப்பிட்டான். றோட்டோரத்திலை ஒரு அந்தோனியார் கோயில் இருந்தது. நான்தான் நிப்பாட்டச் சொன்னனான். எல்லாரும் இறங்கி அந்த மணலிலை முழங்காலிலை நிண்டு செபமாலை சொல்லுறம். சிங்களச் சனம் சிலதும், என்ன ஏது எண்டு தெரியாமலே எங்களோடை முழங்காலிலை நிண்டுதுகள். கேதீஸ்வரனும் கையைக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறான்.

செபமாலை முடியமுன்னம் போன் அடிச்சுது. என்னம்மா இத்தினை தரம் எடுத்திருக்கிறியள், சார்ஜ் இறங்கிட்டுது, இப்பதான் குத்தினனான், எண்டான். எங்கை மோனை வைச்சிருக்கிறாங்கள் எண்டு கேட்டன். கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன் அம்மா எண்டான்.

சிரியுங்கோ, பறவாயில்லை. வானுக்குள்ளை யாழ்ப்பாணம் மட்டும் சிரிப்புத்தான். கேதீஸ்வரன் கேட்டான், அம்மா, அந்தோனியாருக்கு நேந்த மெழுகுதிரியை இனி என்ன செய்யிறது, கேக்கிலை குத்துவமே எண்டு. இப்பவும் எங்கடை ஒழுங்கையிலை, லியோனைப் பிடிச்சு வைச்சு வாயிலை கேக் தீத்தினவை எண்டுதான் பகிடி.

புட்டுப் பார்சலோ? அதையும் பிரிச்சவனாம். பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரன் இறால் மணத்துக்கு எழும்பி அங்காலை போட்டானாம். நல்லாச் சாப்பிட்டன் அம்மா எண்டு சொன்னான். அதோடை போனவன்தான். அதுக்குப் பேந்து இந்த வீட்டுப் படி ஏறேல்லை.

மற்றவன் கொலின்ஸ் பிரான்சிலை. பெண்சாதி பிள்ளையளோடை நல்லா இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமையிலை பேரப்பிள்ளையளைப் போனிலை காட்டுவான். லியோன் கலியாணம் முடிக்கேல்லை. கேட்டால், பாப்பம் அம்மா எண்டுவான். மீனைக் குளிரிலை வைக்கிற பெரிய அறையளைப் பூட்டுற கொம்பனியிலை வேலை. தேப்பன் கடலிலை பிடிச்ச மீனுக்கு ஐஸ் காணாமல் பட்ட பாட்டைக் கண்டு வளந்த பிள்ளைதானே. மாலைதீவிலை அந்தக் கொம்பனிக்கு வேலை கனக்க. போய்ப் போய் வாறதாலைதான் தங்க அட்டை. இஞ்சை வாவன் மோனை எண்டால், நேரமில்லை, நாங்கள் டுபாய் வழியாலை போறது, அந்தப் பக்கம் வாறேல்லை எண்டுவான்.

ஜெசிதாவை ஆரெண்டு சொல்லேல்லையே. இந்த லெனாட்டின்ரை மகள்தான். கட்டுநாயக்காவிலை அந்த அறையிலைதான் அவளுக்கு வேலை. கோப்பை எடுக்கிறது, தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறது. திருநாளுக்கு வந்தவள் என்னைப் பாக்க வந்தாள். நான் விடுவனே. ஆர் ஆர் பிள்ளை உள்ளுக்கை போகலாம் எண்டு இருத்தி வைச்சுக் கேட்டன். பெரிய ரிக்கெற் எடுத்த ஆக்கள் போகலாமாம். சின்ன ரிக்கெற் எண்டாலும் தங்க அட்டை இருந்தால் போகலாமாம். வந்திறங்கின ஆக்களுக்கு இல்லை. பிளேன் மாறிப் போற ஆக்களுக்கு உண்டு, அடுத்த பிளேன் மட்டும் இருக்கலாம். அட்டைக்காரர் கூட ஒராளைக் கூட்டிக்கொண்டு போகலாம். அது பெண்சாதிதானோ பிள்ளைதானோ எண்டு பாக்கிறேல்லையாம். தாயெண்டாலும் விடுவினமோ எண்டு கேட்டன். ஆரெண்டாலும் ஒராள் அன்ரி எண்டாள்.

ஆனால் அந்த ஆளும் அண்டைக்கு அதே பிளேனிலை போறவராயிருக்க வேணுமாம். சும்மா பாக்க வந்த ஆளுக்கு இல்லை. நான் விடேல்லை. வாசலிலை நிண்டு ஒருக்கால் எட்டிப் பாக்கலாமோ எண்டு கேட்டன். அந்த வாசலுக்கு வாறதுக்கே ரிக்கெற் வேணும் அன்ரி எண்டாள். சாமான் குடுத்து விடலாமோ எண்டன். வேலை செய்யிற ஆக்கள் கொண்டுபோகக் கூடாதாம், பாவம், வேலை போயிடுமாம். கன்னியாஸ்திரியள், சுவாமிமார் எண்டால்? அவளுக்குச் சிரிப்பு வந்திட்டுது. அன்ரி, நீங்கள் பாப்பரசரோடை வந்தாலும் ரிக்கெற் கேப்பினம் எண்டாள்.

பேந்துதான் நான் பாஸ்போட் எடுத்தது. மெய்யாத்தான். வவுனியாவுக்குப் போய் எடுத்தனான். இந்தா, இந்த அலுமாரிக்கு மேலை, மாதாவுக்குப் பின்னாலை இருக்குது, பாருங்கோ. படத்திலை கொஞ்சம் பயந்து போய் இருக்கிறன். ஒரு முத்திரையும் விழேல்லை. வேளாங்கண்ணிக்குப் போகப்போறியளே எண்டு எல்லாரும் கேட்டவை. ஓம், மாதா கூப்பிட்டால் போவன் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். வேளாங்கண்ணிக்கெண்டால் இஞ்சை பலாலியிலையே பிளேன் ஏறலாமே. நான் நினைச்சது கட்டுநாயக்காவிலையிருந்து மாலைதீவுக்கு. அங்கை எனக்கென்ன வேலை. போய் இறங்கி அடுத்த பிளேனிலை வந்தாலும் சரிதான். அந்த அறைக்குள்ளை கொஞ்ச நேரம் பக்கத்திலை இருக்கிறதுக்குத்தான்.

கட்டுநாயக்கா அறையிலை அவன் எங்கை இருக்கப்போறான், டுபாய் வழியாலை எல்லோ போறவன் எண்டு கேக்கிறியள்.

வாறவன் பிள்ளை. அடிக்கடி வாறவன்.

அண்டைக்கு ஜெசிதா கதையோடை கதையாச் சொன்னவள். லியோன் அண்ணை போன மாசமும் வந்தவர் அன்ரி, பாலும் சீனியுமில்லாத பிளேன்ரீதான் குடிப்பார், நீங்களும் அவரோடை ஒருக்கால் வரலாமே, அட்டைக்குக் கூட ஒராளை விடுவினம் எண்டு. எனக்குத் தெரியுமெண்டு நினைச்சுத்தான் அவள் சொன்னது. ஓம் ஓம், சொன்னவன் எண்டு சொல்லிப்போட்டன். அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்திலையும் சொன்னனான். சுவாமி, வீட்டை போய் ஆறுதலாச் செபியுங்கோ அம்மா எண்டார்.

நான் ஒருக்கால் போனனான். தேவத்தை மாதா கோயிலுக்குப் பங்குச் சனத்தை ஏத்திக்கொண்டு யாத்திரை பஸ் போனது. அங்கையிருந்து கட்டுநாயக்கா கிட்டத்தானே, ஒரு ஓட்டோவைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டன். அவன் வாற நாள் எனக்குத் தெரியும். வாறதுக்கு முன்னம், ரெண்டு நாள் வேலை கூட, போன் எடுக்காதேங்கோ எண்டு சொல்லுவான். பேந்து ஜெசிதாவோடை கதைச்சால் அவன் வந்து போயிருப்பான். ஒவ்வொரு முறையும் அப்பிடித்தான். பிளேன் ஏறுற ஆக்கள் போற வாசலுக்கு இஞ்சாலை, வழியனுப்ப வந்த சனம் நிக்கிற இடத்திலை நிண்டுகொண்டு போன் எடுத்தன். எடுக்க மாட்டானெண்டுதான் நினைச்சன். எடுத்தான். எங்கை மோனை நிக்கிறாய் எண்டன். வீட்டிலை அம்மா, வெளியிலை பனி கொட்டுது எண்டான். அந்த நேரம் பாத்து மேலை ஒலிபெருக்கியிலை ஒரு பொம்பிளை, மாலைதீவுப் பிளேன் பிந்தி வெளிக்கிடும் எண்டு சொல்லுறா. ஒரு காதுக்கு மேலையிருந்து கேக்குது. மற்றக் காதுக்கு அவன்ரை போனுக்குள்ளாலை அதே பொம்பிளை. சிங்களம், தமிழ், இங்கிலிஸ், மூண்டும் முடியுமட்டும் ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டு நிண்டம்.

இல்லைப் பிள்ளை, நான் கேக்கேல்லை. குளிருக்கு நல்ல உடுப்புப் போட்டிருக்கிறியே மோனை எண்டு கேட்டன். ஓம் அம்மா எண்டான். சாப்பிட்டியே எண்டன். ஓம் எண்டான். வைச்சிட்டன்.

அவன் கெட்டவன் இல்லை. அப்பிடி நினையாதேங்கோ. பிளேன் மாற இருக்கிற நேரத்துக்குள்ளை யாழ்ப்பாணம் வந்து திரும்ப ஏலாது. சொன்னால் நான் அங்கை போய் வாசலிலை நிப்பன், தான் உள்ளை இருக்கிறது, தாய் வெளியிலை நிக்கிறது, அதைத் தாங்கமாட்டான். சின்னனிலையும் பள்ளிக்கூட வாசலிலை நான் நிண்டால் அழுவான். அதுக்காகத்தான் மறைக்கிறான். வேறை காரணம் இருக்குமோ எண்டு நான் மாதாவிட்டைக் கேக்கிறேல்லை. கேட்டால் சொல்லிப்போடுவா.

தூள் ஆறிட்டுது. இனிக் கட்டலாம். ரெண்டு பை போட்டு ரேப் ஒட்டித் தாறன், உடுப்புக்கு நடுவிலை வையுங்கோ.

நீங்கள் வியாழக்கிழமை போறியள் எண்டு மாமியார் போனிலை சொன்னவ. அவனும் வியாழக்கிழமை போன் எடுக்கவேண்டாமெண்டு சொல்லியிருக்கிறான். ஆளைத் தெரியும், கறுப்பு, தேப்பனைப் போலை உயரம், இடப்பக்கக் கன்னத்திலை தூண்டில் கீறின அடையாளம். ஜெசிதா சொல்லுறவள், யன்னல் பக்கத்துக் கதிரையிலைதான் எப்பவும் இருப்பானாம். தனியத்தான் வருவானாம். கூட ஒராளுக்கு இடம் இருக்குது, ஒருத்தரும் வாறேல்லை. பக்கத்துக் கதிரையிலை தன்ரை பையைத் தூக்கி வைப்பானாம்.

என்னைப் பற்றி ஒண்டும் சொல்லவேண்டாம். தூளைப் பற்றியும் சொல்லவேண்டாம். தம்பி, உந்தப் பையைக் கொஞ்சம் எடுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, அந்தக் கதிரையிலை கொஞ்ச நேரம் இருங்கோ பிள்ளை.