குழல் போச்சுன்னு சொல்லிடுங்க

இல்ல தம்பி, நீங்க சொன்னது எனக்கு நல்லாவே காதுல விழுந்துச்சு. துப்பாக்கிக் குழல் நல்லாருக்கு, இன்னும் பாதி ஆயுசு பாக்கி இருக்கு, அதானே? உள்ள கேமராவ விட்டுப் பாத்துட்டுச் சொல்றீங்க, நான் என்ன மறுக்கவா போறேன். இருக்கட்டும். ஆனா எங்க வீட்டுக்காரரு உள்ள வந்ததும், குழல் போச்சுன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஜன்னல் மறைக்குது. வண்டியிலதான உக்காந்திருக்காரு? ஆமா, இருக்காரு. காப்பிய வாங்கிக் கையில குடுத்துட்டு வந்தேன். டெல்பர்ட்டுக்குச் சூடு ஆகாது, அது ஆறுற வரைக்கும் எறங்க மாட்டாரு.

காசா? அய்ய, காசுக்கு யாரு அழுதா! கல்யாணம் ஆனதுலேருந்து அந்த மனுஷன் குழல் குழலா சுட்டுத் தேச்சிருக்காரு, என்னிக்காவது வாயத் தொறந்திருக்கேனா? எங்க தோட்டத்துக்கு வந்து பாருங்க. ஒவ்வொரு தக்காளிச் செடிக்கும் முட்டு ஒரு பழைய குழல். மொண்டானாவுலயே இவ்வளவு வெலைக்குத் தக்காளி தின்னவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். சிரிங்க, சிரிங்க. சீக்கிரம் சிரிச்சு முடிங்க.

எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. வெடிமருந்து எரியிற எடத்துல குழலுக்குள்ள காஞ்ச கொளம் மாதிரி வெடிச்சிருக்கும். அது அரிக்க அரிக்க, இவரும் குண்ட இன்னும் கொஞ்சம் வெளிய நீட்டி வெச்சு, தன் கையாலயே தோட்டா கட்டுவாரு. ஆயிரம் கெஜத்துலயும் ஒழுங்கா விழுந்துட்டே இருக்கும், ஒருநாள் திடீர்னு செதறும். எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில வேற பேச்சே கெடையாதே. அதத்தான் நீங்களும் சொல்லணும். அரிச்சிருக்கு, அடுத்த போட்டிக்குத் தாங்காதுன்னு.

அய்யோ, கதவத் தொறக்குறாரு! இல்ல, இல்ல. நாய எறக்கி விடுறாரு.

போன மாசப் போட்டியில அவரு தோட்டா ஒண்ணு டப்புன்னு அமுங்கிப் போச்சே, ஞாபகம் இருக்கா? குழல்ல மாட்டிக்கிட்ட குண்ட நீங்கதான தட்டி எடுத்தீங்க. தோட்டாவுல மருந்தே போடல. என்ன டெல்பர்ட், மருந்து வெலை ஏறிப்போச்சுன்னு சிக்கனமான்னு எல்லாரும் கேலி பண்ணாங்க. அவரும் சேந்து சிரிச்சாரு. எல்லாருக்கும் ஒரு தடவ நடக்கறதுதாங்கன்னு நீங்ககூடச் சொன்னீங்க. பக்கத்துப் பாயில படுத்துச் சுட்டுட்டிருந்த அந்தப் பொண்ணு மட்டும் கையப் புடிச்சு நிறுத்தலன்னா, அடுத்தத அதுக்குப் பின்னாலயே சுட்டிருப்பாரு, குழலே வெடிச்சிருக்கும். அப்புறம் எங்கேருந்து சிரிக்கிறது?

அன்னிலேருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. தோட்டா கட்டுற ரூமுக்குள்ள நான் போறதே இல்ல, தெரியுமில்ல? ரேடியோ கூடாது, போன் கூடாது, தும்மக்கூடக் கூடாது. புதுசா வர்ற பசங்களுக்கெல்லாம் அவருதான பாடம் எடுத்தாரு. உங்களுக்கும் எடுத்திருப்பாரே. மேசை மேல ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும், ரெண்டாவது டப்பா வந்தா எழுந்து வெளிய போன்னு. ஆங், அதேதான், அப்படியேதான் கத்துவாரு.

செவ்வாக்கெழம சாப்பிடக் கூப்புடப் போனேன். மேசையில மூணு டப்பா, மூணும் தொறந்து கெடக்கு. ஒண்ணு கைத்துப்பாக்கிக்குப் போடுற மருந்து. அத இந்தத் துப்பாக்கித் தோட்டாவுல போட்டா என்ன ஆகும்னு நானா உங்களுக்குச் சொல்லணும்? மொகத்துகிட்டயே வெடிக்கும். எதுல எதப் போட்டீங்கன்னு கேட்டேன். என்னப் பாத்து, சாப்பாடு ஆச்சான்னு கேட்டாரு.

இந்தாங்க. அன்னிக்குக் கட்டின தோட்டா பூராவும் இந்தப் பையில இருக்கு, நீங்களே பிரிச்சு அழிச்சிடுங்க. இத்தன நாளா என் தையல் பெட்டியில நூல்கண்டுக்கு அடியில கெடந்துச்சு. அவரு தேடவே இல்ல தம்பி.

மக சொன்னா, ரூம் சாவிய ஒளிச்சு வைம்மான்னு. வெச்சேன். பகல் பூரா வீட்டையே கொடஞ்சாரு, கடைசியில படிக்கட்டுல உக்காந்து அழுதாரு. எனக்கு நெஞ்சு தாங்கல, நானே எடுத்துக் குடுத்துட்டேன். வேட்டைத் துப்பாக்கியெல்லாம் மக வீட்டுக்குப் போயாச்சு, அதப்பத்தி ஒரு வார்த்த கேக்கல. இத மட்டும் காலையில எழுந்ததும் கேப்பாரு, எங்க என் துப்பாக்கின்னு. பட்டறையில இருக்குங்க, புதுக் குழல் வரணும்னு நான் சொல்லணும். புதுக் குழல் கைக்கு வராம அவரு தோட்டா கட்ட மாட்டாரு, அதப் பாத்துத்தான அளவே எடுப்பாரு. தெனமும் புதுசா ஒரு பொய் என்னால சொல்ல முடியாதுப்பா. நீங்க ஒரே ஒரு தடவ சொல்லிட்டாப் போதும்.

குழல் செய்யிறவங்ககிட்ட வரிசை பெருசா இருக்குன்னு எல்லார்கிட்டயும் சலிச்சுக்குவீங்களே, அதயே சொல்லுங்க. ஒரு வருஷம் ஆகும்னு சொல்லுங்க. ஆர்டரும் நெஜமாவே போட்டுடுங்க, எனக்குப் பொய் வேணாம். வந்தப்புறமா? அது வர்றதுக்குள்ள அவரு கேக்கவே மறந்துடுவாரு.

கப்ப வெச்சுட்டாரு. வர்றாரு. மொகத்தத் தொடச்சுக்குங்க தம்பி.

வாங்க, வாங்க. உள்ள கேமரா விட்டுப் பாத்துட்டாராம். எனக்கென்ன தெரியும், அவரயே கேளுங்க. சொல்லுங்க தம்பி.

என்னது, பதினாலு மாசமா! அவ்வளவு நாளா? சரி விடுங்க, அந்தப் புள்ளைய எதுக்குக் கோவிச்சுக்குறீங்க, குழல் தேஞ்சா அவரு என்ன பண்ணுவாரு? மத்ததெல்லாம் இங்கயே இருக்கட்டும் தம்பி, பழைய குழல மட்டும் கழட்டிக் குடுங்க, தக்காளிச் செடிக்கு ஆகும்.

இந்தாங்க, நீங்களே எடுத்துட்டு வாங்க. இந்தக் குழல் யாரோடதா? உங்களுதுதாங்க. கெட்டியாப் புடிச்சுக்குங்க, போலாம்.