பன்னிரண்டு சிவப்புக் கூண்டுகள்

ஹால்டிஸ் பிரெண்டன் அவர்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் வந்தபோது என் கண்ணில் பட்டது அவருடைய காலுறைதான். வலது காலின் கட்டைவிரல் ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. மற்ற வேலையாட்கள் பூட்சுக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு உள்ளே வருவார்கள். அவர் வாசலில் பூட்சைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த விரலோடு கூடத்தைக் கடந்து, சுவரில் எங்கே துளை போடலாம் என்று பார்க்கப் போனார்.

மதிப்பிற்குரிய போதகர் அவர்களே! ஹால்டிஸ் அவர்களோடு பத்தொன்பது ஆண்டுகள் ஒரே வேனில் வேலைக்குப் போன யோரன் அவர்களே! லாவ்மூ குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் அர்விட் சேத்ரே அவர்களே! என் அம்மாவுக்கும் அண்டை வீட்டார் அனைவருக்கும் வணக்கம். காலுறையில் தொடங்கியதற்கு மன்னிக்க வேண்டும். எனக்குப் பேசிப் பழக்கமில்லை. பதினாறு வயதில் பள்ளியை விட்டதே, எழுந்து நின்று பேசு பேசு என்று சொல்லிக்கொண்டே இருந்ததால்தான். அதனால் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். காகிதம் சத்தம் போட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினீர்கள். "நம் வீடுகளுக்குச் சூட்டைக் கொண்டுவந்த கைகள்" என்றார் அர்விட் அவர்கள். "பொன்னான மனசு" என்றார் பெரித் அவர்கள். பொன்னான மனசா, பெரித் அவர்களே? இந்த ஜனவரியில் உங்கள் சமையலறை சன்னலைத் திறந்து நீங்கள் கத்தியது எங்கள் வீடு வரை கேட்டதே! "மறுபடியும் வந்துட்டாளா அந்தப் பம்புக்காரி? போலீசைக் கூப்பிட்டாத்தான் போவியா?" அந்தப் பம்புக்காரியின் மனசுதானே இன்றைக்குப் பொன்னாகிவிட்டது?

நான் அவரைப் புகழத்தான் எழுந்தேன். ஆனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்ன நடக்கப் போகிறது என்பதை இதுவரை பேசிய ஒருவரும் சொல்லவில்லை. லாவ்மூவின் பன்னிரண்டு வீடுகளிலும் வெப்பப் பம்புகள் தவறாகப் பொருத்தப்பட்டன என்று நாம் கொடுத்த புகாரை அன்றைக்குத் தொழில் புகார்க்குழு விசாரிக்கிறது. ஹால்டிஸ் அவர்கள் இறந்ததால் விசாரணை நிற்காது. நிறுவனம் இருவர் பெயரிலும் இருக்கிறது. நாம் ஜெயித்தால் யோரன் அவர்களின் உரிமம் போகும். வேலை தெரியாதவர் என்று ஹால்டிஸ் பிரெண்டனின் பெயர் பதிவாகும். அதை மறுக்க அவர் வரமாட்டார். அந்தப் புகாரின் அடியில் யார் பெயர் இருக்கிறது? "குடியிருப்போர் அனைவரும்." அந்த அனைவரில் நானும் ஒருத்தி.

அர்விட் அவர்களே, என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், பின்வரிசைக்கும் கேட்கட்டும். "இது அதுக்கான இடம் இல்லம்மா" என்கிறார். வேறு எது இடம்? சங்கக் கூட்டத்தில் கை தூக்கினேன், நீங்கள் பார்க்கவில்லை. இங்கே எல்லோரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்து தரும் கேக் இன்னும் வெட்டவில்லை. யாரும் எழுந்து போக முடியாது.

யார் இந்த ஹால்டிஸ்? போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு இலையுதிர் காலத்தில் நம் கூரைகளில் சோலார் தகடுகளையும், சுவர்களுக்கு வெளியே வெப்பப் பம்புகளையும் பொருத்த வந்தவர். இன்முகத்தோடு வந்தார் என்று போதகர் சொன்னார். தவறு. அவர் சிடுசிடுப்பாகத்தான் வந்தார், சிடுசிடுப்பாகத்தான் போனார். எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு, "கெட்டிலைக் கழுவி எத்தனை வருஷமாச்சு?" என்று அம்மாவிடம் கேட்டவர் அவர். சிரிக்காதீர்கள். கேட்டார்.

அன்றைக்கு அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "இந்தச் சுவர்ப் பக்கம் பனி எவ்வளவு உயரம் ஏறும்?" நான் பேசவில்லை. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினேன். மற்றவர்கள் என்றால் "வாயைத் திறந்து சொல்லேன்டி" என்பார்கள். அவர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். குனிந்தார். தரையிலிருந்து என் கை வரைக்கும் அளந்தார். அதற்கு மேலே ஒரு சாண் விட்டுச் சுவரில் கோடு போட்டார். பம்பு அங்கேதான் ஏறியது. என் பேச்சை அவ்வளவு சரியாக வேறு யாரும் கேட்டதில்லை.

வேலை முடிந்த அன்று எல்லோரையும் வெளியே கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாரே, நினைவிருக்கிறதா? "இது வெளிக்காத்துல இருக்கிற சூட்டை உறிஞ்சிக்கிட்டு, சில்லுன்னு ஆன காத்தை முன்னாடி தள்ளும். சுத்தி எதையும் கட்டாதீங்க. விட்ட மூச்சையே திரும்ப இழுத்துச்சுன்னா உறைஞ்சு போயிரும்." அத்தனை பேரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன்.

முதல் குளிர்காலம் நன்றாகப் போனது. ஒரே ஒரு தகராறுதான். டிசம்பரில் அர்விட் அவர்கள் தகடுகளின் மேல் கிடந்த பனியை வார, இரும்பு மண்வெட்டியோடு கூரைக்கு ஏறிவிட்டார். வேன் வந்து நின்றது. ஏணியின் அடியில் நின்று ஹால்டிஸ் அவர்கள் கத்தினார்: "இறங்குங்க அர்விட்! சூரியன் மலைக்கு மேல வர்றதே மதியம் ஒரு மணி நேரம். தகட்டைக் கீறி வச்சுட்டு எதைப் பிடிக்கப் போறீங்க, நிலாவையா? மார்ச்சுல பனி தானா வழுக்கி விழும். அப்போ கீழ நிக்காம இருந்தாப் போதும்." தெரு முழுக்கச் சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அதை மறக்கவும் இல்லை.

மே மாதம் கூட்டுவேலை நாள் வந்தது. நம் ஊரில் கூட்டுவேலைக்கு வரமாட்டேன் என்று எவரும் சொன்னதில்லை. புல் வாரினோம். சாலையோர மணலைப் பெருக்கினோம். தொத்திறைச்சி சுட்டோம். அப்போது அர்விட் அவர்கள் ஒரு வரைபடத்தை விரித்தார். "சாம்பல் கலர்ல பன்னிரண்டு பெட்டி, ஏதோ தொழிற்சாலை மாதிரி இருக்கு. ஆளுக்கொரு சின்ன வீடு கட்டுவோம். சிவப்புச் சுவர், வெள்ளை மூலை, மேல ஓடு. நம்ம வீடு மாதிரியே!" எவ்வளவு அழகு என்று கைதட்டினோம். பலகை ஏற்கெனவே அறுத்து வைத்திருந்தது. "மாரென்தான் பேசமாட்டாளே, அவ பெயிண்ட் அடிக்கட்டும்" என்று தூரிகையை என் கையில் கொடுத்தீர்கள்.

பன்னிரண்டு கூண்டுகளுக்கும் பெயிண்ட் அடித்தது நான். சுற்றி எதையும் கட்டக்கூடாது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனால் நீங்கள் மறந்துவிட்டதாகச் சொல்லலாம். நான் மறக்கவில்லை. தெரிந்தே அடித்தேன். வெள்ளை மூலைகளுக்கு இரண்டு பூச்சு.

ஜூனில் அவர் வந்து பார்த்தார். தெருவில் நின்றபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எண்ணினார்.

"பம்புக்கு வீடு கட்டியிருக்கீங்களா, அர்விட்? அதுக்குக் குளிராதுய்யா. உங்களுக்குத்தான் குளிரப் போகுது."

"இது எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு, ஹால்டிஸ்."

"எல்லாரும் சேர்ந்து கூரையிலிருந்து குதிச்சா கால் உடையாதா?"

அவர் அர்விட் அவர்களின் ஐந்தாம் எண் வீட்டுக் கூண்டின் முன்பலகையைத் திருகி எடுத்து, சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அர்விட் அவர்கள் அதை இன்னும் நீளமான ஆணிகளால் அடித்தார். அவர் வீட்டு ஆணி, அவர் வீட்டுப் பம்பு!

பிறகு ஜனவரி வந்தது. பதினொரு நாட்கள், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு டிகிரி உறைகுளிர். கூண்டுக்குள் பம்புகள் தாங்கள் விட்ட குளிரையே திரும்ப இழுத்தன. உள்ளே ஐஸ் ஏறியது. விசிறி ஐஸில் மோதி உடைகிற சத்தம், பல்லால் கரண்டியைக் கடிக்கிற மாதிரி, வீடு வீடாக வந்தது. அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார். அப்போது காலை ஏழு மணிக்குத் தெருவில் வந்து நின்றது யாருடைய வேன்? வெந்நீர்க் கேனும் மரச்சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தது யார்? கூண்டைக் கழற்றவிடுங்கள் என்று கதவு கதவாகத் தட்டியது யார்? கழற்றக்கூடாது என்று சொன்ன பிறகும், கூண்டின் கீழ்ச் சந்துக்குள் கையைவிட்டு ஐஸை உடைத்துக்கொண்டிருந்தது யார்? அவரைத்தான் போலீசிடம் பிடித்துக் கொடுக்கப் பார்த்தோம்!

அம்மா, ஸ்வெட்டரை இழுக்காதே. நான் உட்காரப் போவதில்லை.

புகார் அனுப்பப்பட்டது. ஆய்வாளர் செவ்வாய்க்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அர்விட் அவர்கள் இன்னொரு கூட்டுவேலைக்குக் கூப்பிட்டார். "சும்மா ஒரு மணி நேரம். பனி வார இடைஞ்சலா இருக்கு, கூண்டைக் கழற்றி என் கொட்டகையில வச்சிருவோம். யாரும் எதையும் ஒளிக்கல. குழப்பம் வேண்டாம்னுதான்." வந்தோம். பன்னிரண்டு வீட்டாரும் வந்தோம். பெரித் அவர்கள் வாஃபிள் சுட்டுக் கொண்டுவந்தார். அம்மா ஓடுகளைச் சுமந்தார். நான் பலகைகளைச் சுமந்தேன். சுவர்களில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டும் வேலையும் எனக்குத்தான் கிடைத்தது. அடித்தவள்தானே சுரண்ட வேண்டும்!

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வந்தார்; ஹால்டிஸ் அவர்களும் வந்திருந்தார். உடைந்த விசிறிகளைப் படம் எடுத்தார். "சுற்றிலும் தடை ஏதும் இல்லை" என்று எழுதிக்கொண்டார். ஹால்டிஸ் அவர்கள் வெறும் சுவர்களைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார்.

"இங்க கூண்டு இருந்துச்சு. யாராவது சொல்லுங்க."

ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

"புகைப்படம் ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"நான் படம் புடிக்க வரல. ஐஸ் உடைக்க வந்தேன்."

அப்புறம் ஹால்டிஸ் அவர்கள் என்னைப் பார்த்தார். நான் என் பூட்சைப் பார்த்தேன். நான் பேசமாட்டேன் என்பது ஊருக்கே தெரியும், அதனால் என்னை யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று அப்போது நினைத்தேன். நினைத்துப் பாருங்கள், அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. வேனுக்குப் போகிற வழியில் என் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ கை காட்டின உயரம் சரியாத்தான் இருந்துச்சு. பனி அதைத் தாண்டவே இல்ல." அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்து வாரம் கழித்து, மரக்கடை வாசலில் நின்ற வேனுக்குள் அவர் இறந்துபோனார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்றார் மருத்துவர். நாம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையை மட்டும் சொல்வது என்று எழுந்து நின்றுவிட்டு, அதைச் சொல்லக்கூடாது.

"அவர் பணியை நாம் தொடர்வோம்" என்று அர்விட் அவர்கள் சற்று முன் முழங்கினார். எந்தப் பணியை? திங்கட்கிழமை அவர் பெயரைக் கெடுக்கிற பணியையா? யோரன் அவர்களின் வேனை வாசலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிற பணியையா? ஹால்டிஸ் அவர்களே, உங்கள் வேலையைத் தொடர எனக்குத் தெரியாது. குழாய் வளைக்கத் தெரியாது, ஏணியில் நின்றால் தலை சுற்றும். எனக்குத் தெரிந்ததை மட்டும் செய்கிறேன். புகார்க்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். வாசிக்கிறேன்:

"போன மே மாதக் கூட்டுவேலையில் லாவ்மூவின் பன்னிரண்டு பம்புகளையும் சுற்றி மரக்கூண்டு கட்டினோம். கட்டக்கூடாது என்று பொருத்தியவர் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார். ஆய்வாளர் வருவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் கூண்டுகளைக் கழற்றினோம். பெயிண்ட் அடித்தது நான். பலகைகளைச் சுமந்தது நான். சுவரைச் சுரண்டியதும் நான். பலகைகள் இப்போது ஐந்தாம் எண் வீட்டுக் கொட்டகையில் இருக்கின்றன. புகாரில் உள்ள 'அனைவரும்' என்பதிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள்."

யார் அது, ஓரத்திலிருந்து? "பதினேழு வயசுப் பொண்ணு கையெழுத்து செல்லாது" என்கிறீர்களா? போகட்டும். கொட்டகையைத் திறந்து பார்க்க வயது தேவையில்லை. அர்விட் அவர்களே, இன்றைக்கு ராத்திரியே பலகைகளை எரித்துவிடலாம் என்று நினைத்தால், போதகர் உட்படக் கேட்டவர்கள் இங்கே நாற்பது பேர் இருக்கிறார்கள்.

என் பெயருக்குக் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன். பன்னிரண்டு வீட்டுக்கும் போதும். கடிதத்தை யோரன் அவர்களிடம் கொடுக்கப் போகிறேன். வேண்டியவர்கள் அவரிடம் வாங்கிக் கையெழுத்துப் போடலாம். கேக்கை அதற்கு முன் சாப்பிடுவதா பின் சாப்பிடுவதா என்பது உங்கள் விருப்பம்.

யோரன் அவர்களே, சட்டைப்பையில் இருக்கிற பேனாவைக் கொடுங்கள். நன்றி. காகிதத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், ஆடுகிறது.

மாரென் லூண்ட். ஒன்பதாம் எண் வீடு.