பத்து நிமிடம் மூத்தவள்

ஓடுகிறோம். உச்சி வெயில். அம்மாவின் இடுப்பில் தம்பி. அப்பா முன்னால். என் கையில் அரைப் போத்தல் தண்ணீர்.

தூரத்தில் 'குத்து' என்று ஒரு சத்தம். எறிகணை கிளம்பும் சத்தம் அது. அதிலிருந்து எண்ண வேண்டும். ஒன்று. இரண்டு. ஏழு வரும்போது கூவிக்கொண்டு வரும்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" அப்பா கத்துகிறார்.

படுத்தேன். வாய்க்குள் மண் போனது. நாங்கள் எழுந்தோம். அப்பா எழவில்லை.

2009. மாசி மாதம். வன்னி. எனக்கு எட்டு வயது.

அன்று பின்னேரம் யாரோ வெட்டிவிட்டுப் போன பதுங்குகுழியில் கிடந்தேன். வாணியை நினைத்தேன். வாணி என்னோடு பிறந்த இரட்டை. என் முகம்தான் அவளுக்கும். நான் பத்து நிமிடம் மூத்தவள். இரண்டு வருடம் முன்பு சித்தி படகில் இந்தியாவுக்குப் போனார். கூட ஒரு பிள்ளைக்குத்தான் இடம். வாணிக்கு மூச்சிழுப்பு. எங்கள் இருவரில் அவள்தான் மெலிந்தவள், குட்டை. மருந்து கிடைக்காத ஊரில் தாங்க மாட்டாள் என்று அம்மா அவளை ஏற்றிவிட்டார். "நீ திடமான பிள்ளை. நீ என்னோட நில்லு" என்றார் என்னிடம்.

வாணி இப்போது பாண் தின்றுகொண்டிருப்பாள். அவள் தலைக்கு மேல் கூரை இருக்கும். அப்பாவுக்காக அழ வேண்டிய நேரத்தில் நான் பொறாமையில் அழுதேன்.

பிறகு கஞ்சி. சில நாள் அதுவும் இல்லை. தம்பிக்கு வயிற்றோட்டம். நான்காம் நாள் காலை அவன் கண் திறக்கவில்லை. பிறகு முள்கம்பி போட்ட முகாம். சத்தம் நின்றுவிட்டது. என் உடம்பு அதை நம்பவில்லை. எங்காவது கதவு அறைந்தால் எண்ணத் தொடங்குவேன். ஒன்று. இரண்டு.

பதினொரு வயதில் அம்மாவும் நானும் தருமபுரிக்கு வந்தோம். சித்தியும் வாணியும் இருந்தது காரிமங்கலம் பக்கத்து அகதி முகாமில். பஸ் ஸ்டாண்டில் வாணி நிற்கிறாள். அதே முகம். என் தலைக்கு மேலே. கட்டிப்பிடித்தாள். என் நெற்றி அவள் தோளில் இடித்தது.

"வா, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றாள். பேச்சும் இந்த ஊர்ப் பேச்சாகியிருந்தது.

அவளுக்குச் சிறிதாகிப்போன சீருடை எனக்குப் பெரிதாக இருந்தது. கீழே மடித்துத் தைத்தார் அம்மா. பள்ளி வரிசையில் முதல் ஆள் நான். கடைசி ஆள் அவள்.

பதினான்கு வயதில் வாணி பள்ளிக் கைப்பந்து அணியில் இருந்தாள். தருமபுரியில் மாவட்ட அணிக்குத் தேர்வு. அதற்கு முதல் நாள் விளையாட்டு ஆசிரியர் என்னை வழியில் நிறுத்தினார்.

"பாப்பா, உங்கக்காகிட்ட சொல்லிடு. நாளைக்கு வண்டி எட்டு மணிக்கு இல்ல. ஆறரைக்கே கெளம்புது."

உங்கக்கா.

நான் சொல்லவில்லை.

வாணி ஏழரைக்குப் போய் நின்றாள். வண்டி போய்விட்டிருந்தது. பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் தேர்வு முடிந்திருந்தது. திரும்பி வந்து தண்ணீர்க் குழாய் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த வருடமே அம்மா என்னைத் தருமபுரியில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனார். நான் இன்னும் பெரியவளாகவில்லை. வாணியும் வந்தாள். மருத்துவர் என் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார். படத்தைப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே பிரசவமாங்க?"

அம்மா தலையாட்டினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

"பசி மட்டும் இல்லைங்கம்மா. பயமும்தான்" என்றார் மருத்துவர். "வருசக்கணக்கா பயந்துகிட்டே இருக்கற உடம்பு உசுரக் காப்பாத்தத்தான் பாக்கும். வளர்றதத் தள்ளிப் போட்டுடும். இன்னும் கொஞ்சம் வளருவா. எவ்ளோன்னு சொல்ல முடியாதுங்க."

அம்மா மருந்து வாங்க வரிசையில் நின்றார். நாங்கள் பெஞ்சில். என்னால் அடக்க முடியவில்லை. வண்டி நேரத்தை மறைத்ததைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள் வாணி. "சார் அன்னிக்கே சொல்லிட்டாரு."

"பிறகு ஏன் என்னட்டக் கேக்கேல்ல?"

அவள் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ மொதமொத இங்க வந்து பஸ்ஸ விட்டு எறங்கறப்ப அம்மா கையப் புடிச்சிகினு எறங்குன. எனக்கு வயிறு எரிஞ்சிது. அம்மா உன்ன வச்சிக்கிட்டாங்க, என்ன அனுப்பிட்டாங்க. அப்பா எப்டிப் பேசுவாருன்னே எனக்கு ஞாபகம் இல்ல. உன்கிட்ட என்னான்னு கேக்கறது?"

இவளுக்கு என்மேல் பொறாமையா. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு சொன்னேன். அப்பா அவளைக் 'கட்டையம்மா' என்றுதான் கூப்பிடுவார். எங்களில் குட்டை அவள்தானே. சிரித்தாள். அழுதாள். இன்னொருமுறை சொல்லச் சொன்னாள்.

பதினாறில்தான் பெரியவளானேன். கொஞ்சம் வளர்ந்தேன். பிறகு நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் போனவை இவை. அப்பா. தம்பி, புதைத்த இடம் தெரியாது. வாணிக்கு அப்பாவின் குரல். மாவட்ட அணியில் அவள் இடம்; அது போருக்குப் பிறகு என்னால் போனது. எனக்கு ஐந்து அங்குலம்.

இப்போது இருபத்தைந்து வயது. வாணி பக்கத்தில் நின்று படம் எடுக்கும்போது இன்றும் குதிகாலைத் தூக்குகிறேன்.